ஓடு மாற்றுவது யார் பொறுப்பு? திருவனந்தபுரத்து வாடகை வீடுகளும் பழுதுபார்ப்புக் கடமையின் வரலாறும்

ஜூன் மாதம் இடவப்பாதி மழை பிடித்ததும் திருவனந்தபுரத்துப் பழைய வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும். ஒழுகும் கூரையைச் சரிசெய்யும் செலவு யாருடையது? வீட்டுக்காரரைக் கேட்டால், குடியிருப்பவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பார். குடியிருப்பவரைக் கேட்டால், மாதந்தவறாமல் வாடகை கொடுக்கிறேனே என்பார். இருவருமே சட்டம் தன் பக்கம்தான் இருக்கிறது என்று நம்புவார்கள். 1882 முதல் இன்றுவரை இந்த உறவைப் பற்றிப் பேசிய சட்டங்களை வரிசையாக எடுத்து வைத்துப் படித்தால், இப்படி ஒரு நம்பிக்கை இருவருக்கும் எப்படி வந்தது என்பது விளங்குகிறது. வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டியது உரிமையாளரின் கடமை என்று இந்த நகரத்தின் வாடகைச் சட்டம் எந்தக் காலத்திலும் நேராகக் கட்டளையிடவில்லை. கடமை தவறினால் குடியிருப்பவர் என்ன செய்துகொள்ளலாம் என்று மட்டுமே சொல்லிவந்தது. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி எப்படி உருவானது, ஏன் இன்னும் மூடப்படவில்லை என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

கேரளத்தில் குத்தகை பற்றிய சட்டச் சிந்தனை முழுவதும் நிலத்திலிருந்து பிறந்தது. பாட்டம், காணம், குழிக்காணம், ஒற்றி என்று நிலவுரிமை வகைகள் பல. குழிக்காணத்தில், தரிசு நிலத்தைப் பெற்றுத் தென்னையும் பலாவும் வைத்து வளர்த்தவரை வெளியேற்ற வேண்டுமானால் அவர் செய்த மேம்பாட்டுக்கு ஈடு கொடுத்தாக வேண்டும். இந்த வழக்கத்தை மலபாரில் 1887இலும் பின்னர் 1900இலும் ஆங்கிலேய அரசு சட்டமாக்கியது. கேரள மாநிலம் உருவானபின் 1958இல் மாநிலம் முழுவதற்குமான மேம்பாட்டு ஈட்டுச் சட்டம் வந்தது. திருவிதாங்கூரிலும் 1865ஆம் ஆண்டின் பண்டாரப் பாட்டப் பிரகடனம் அரசு நிலத்துக் குடியானவருக்கு உரிமையை உறுதிசெய்தது. 1896ஆம் ஆண்டின் ஜன்மி–குடியான் ரெகுலேஷன் ஜன்மி எனப்பட்ட நிலவுடைமையாளரின் நிலத்தை உழுதவரைக் காத்தது. ஒரு தென்னங்கன்று நட்டவனின் உழைப்புக்கு இத்தனை மரியாதை கொடுத்த சட்ட மரபு, வாடகை வீட்டின் கூரையில் உடைந்த ஓட்டை மாற்றியவரைப் பற்றி வெகுகாலம் வாய் திறக்கவே இல்லை. நிலம் விளைச்சல் தருவது, அதனால் அரசுக்கு வரி தருவது. வீடு அப்படி அல்ல. சட்டத்தின் கவனம் எங்கே போனது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் சாலைக் கடைத்தெரு வளர்ந்தது. பத்மநாபசுவாமி கோயிலைச் சுற்றிக் கோட்டைக்குள்ளும், வலியசாலையிலும், கரமனையிலும் அக்கிரகாரத் தெருக்கள் நீண்டன. திருநெல்வேலி, நாஞ்சில்நாட்டுப் பக்கங்களிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் இவற்றில் குடியேறின. நீல. பத்மநாபனின் ‘பள்ளிகொண்டபுரம்’ நாவலும், சாலைத் தெருவில் கடை நடத்திக்கொண்டே எழுதிய ஆ. மாதவனின் கதைகளும் இந்தத் தெருக்களைத் தமிழ் வாசகருக்குப் பழக்கப்படுத்தியவை. தலைமைச் செயலகமும் கல்லூரிகளும் நீதிமன்றங்களும் பெருகப் பெருக, மாதச் சம்பளக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். தனக்கென்று வீடில்லாதவர் வாடகைக்கு இருப்பது இந்த நகரத்தில் அப்படித்தான் பெருகியது.

பழைய வீட்டின் கூரையை ஒருமுறை கிட்டப்போய்ப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் சட்டத்தின் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு மேற்குக் கரை முழுக்க அந்த வகைத் தட்டை ஓடு பரவியது. கழுக்கோல் எனப்படும் சரிவான மரச் சட்டங்களின் மேல் குறுக்கே ரீப்பர். ரீப்பரில் ஓட்டின் கொக்கி மாட்டியிருக்கும். ஒரு ஓடு விரிசல் விட்டாலோ, குரங்கோ தேங்காயோ விழுந்து நகர்ந்தாலோ, மழைத்தண்ணீர் அடுத்த ஓட்டின் அடிப்பக்கமாக வழிந்து ரீப்பரை நனைக்கும். அங்கிருந்து கழுக்கோலுக்கு இறங்கும். கழுக்கோல் சுவர்மேல் உத்தரத்தில் உட்காரும் இடத்தில் ஈரம் தங்கும். அங்கே கரையான் பிடிக்கும். முதல் வருடத்தில் சில ஓடுகளும் ஒரு ஆள் கூலியும் போதும். கவனிக்காமல் விட்டால் மூன்றாவது நான்காவது மழையில் கழுக்கோலையே மாற்ற வேண்டும். அதற்குள் வெட்டுக்கல் சுவரின் பூச்சும் உப்பி உதிர்ந்திருக்கும். அக்கிரகார வீடுகளுக்கு இடையே பொதுச்சுவர் என்பதால், ஒரு வீட்டுக்காரரின் அலட்சியம் பக்கத்து வீட்டுக் கூடத்திலும் ஈரமாகத் தெரியும். அதனால்தான் மழைக்கு முன்பே ஓடு பிரித்து அடுக்கும் வேலை ஆண்டுதோறும் நடந்துவந்தது. இந்த வருடாந்தர வேலை யார் தலையில் என்பதுதான் கேள்வி. சிறு பழுதுக்கும் பெரும் பழுதுக்கும் இடையே இருப்பது காலம் மட்டுமே என்பதை மனதில் வைத்துக்கொண்டு சட்டத்துக்கு வரலாம்.

சொத்துமாற்றுச் சட்டம் 1882இல் இயற்றப்பட்டது. அதன் ஐந்தாம் அத்தியாயம் குத்தகை பற்றியது. விவசாயக் குத்தகைகளை 117ஆம் பிரிவு விலக்கிவிடுவதால், நடைமுறையில் வீடு, கடைகளுக்கான அத்தியாயம் அது. 108ஆம் பிரிவில் இரு தரப்பின் உரிமைகளும் பொறுப்புகளும் வரிசையாக வருகின்றன. தனக்குத் தெரிந்த, எதிராளி சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத குறைகளை உரிமையாளர் வெளிப்படுத்த வேண்டும். குடியிருப்பவர் இயல்பான தேய்மானம் போக, வாங்கியபோது இருந்த நிலையிலேயே வீட்டைத் திருப்பித்தர வேண்டும். தீ, புயல், வெள்ளம் போன்றவற்றால் வீடு பயன்படாமல் போனால், குடியிருப்பவர் விரும்பினால் குத்தகையை முடித்துக்கொள்ளலாம். பழுதுபார்ப்பைப் பற்றிய உட்பிரிவு ஒன்று உண்டு: உரிமையாளர் தான் செய்யக் கடமைப்பட்ட பழுதுகளை, அறிவிப்புக் கொடுத்தபின் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், குடியிருப்பவர் தானே செய்துகொண்டு செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளலாம்.

இதை மெதுவாகப் படித்தால் ஓட்டை தெரியும். ‘செய்யக் கடமைப்பட்ட’ பழுதுகள் எவை? அந்தப் பிரிவு முழுவதிலும் அதற்கு விடை இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு. எழுதாவிட்டால், கடமை இருப்பதாகவே காட்ட முடியாது. கடமையை நிறுவாமலே, கடமை மீறலுக்குப் பரிகாரம் மட்டும் எழுதிவைத்த சட்டம் இது. அதோடு, இந்தப் பிரிவு முழுவதுமே மாறான ஒப்பந்தமோ உள்ளூர் வழக்கமோ இல்லாதபோதுதான் செல்லும்.

இந்தக் குறை தற்செயலாக வந்ததல்ல. சட்டத்தை எழுதியவர்கள் கைக்கொண்ட ஆங்கிலச் சட்டம் அப்போது அந்த நிலையில்தான் இருந்தது. 1843இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில், சாமான்களோடு வாடகைக்கு விட்ட ஒரு வீட்டில் மூட்டைப்பூச்சி நிறைந்திருந்ததால் குடியேறியவர் வெளியேறியதை நீதிமன்றம் ஏற்றது. அதே ஆண்டில் இன்னொரு வழக்கில், சாமான் இல்லாமல் வெறும் வீடாக விடும்போது அது குடியிருக்கத் தகுதியாக இருக்கும் என்ற உறுதிமொழி எதுவும் உரிமையாளரைக் கட்டாது என்று தீர்ப்பானது. உழைக்கும் மக்களுக்கு வாடகைக்கு விடும் வீடு மனிதர் வாழத் தகுதியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை இங்கிலாந்து சட்டமாக்கியது 1885இல். இந்தியச் சட்டம் அதற்கு மூன்றாண்டு முந்தியது. இங்கிலாந்து பின்னர் படிப்படியாகத் திருத்திக்கொண்டு, 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் கட்டமைப்பையும் வெளிப்புறத்தையும் குழாய், மின்சார வசதிகளையும் பராமரிப்பது உரிமையாளரின் பொறுப்பு என்று வெளிப்படையாகவே எழுதியது. 108ஆம் பிரிவின் அந்த உட்பிரிவு 1882இல் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

திருவிதாங்கூர் சமஸ்தானமாக இருந்ததால் சொத்துமாற்றுச் சட்டம் நேரடியாக அங்கே செல்லவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகும் ‘பி’ பிரிவு மாநிலங்களாக இருந்த பகுதிகளை அது விலக்கியே வைத்திருந்தது. பிற்பாடுதான் அரசு ஆணை வழியாக நீட்டிக்கப்பட்டது. நகரத்து வாழ்க்கையை அன்றாடம் தொட்ட சட்டம் வேறு திசையிலிருந்து வந்தது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நகரங்களில் வீட்டுத் தட்டுப்பாடு கடுமையானது. சென்னை மாகாணம் 1946இலும் 1949இலும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களை இயற்றியது. மலபார் அந்த மாகாணத்தில் இருந்ததால் அங்கும் அவை செல்லுபடியாயின. தெற்கே திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் 1950இல் ஒரு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. மொழிவழி மாநிலம் அமைந்தபின் இந்த இரண்டையும் ஒன்றாக்கும் தேவை எழுந்தது. 1959இல் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 1965இல் கேரளக் கட்டடக் குத்தகை, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தன. பின்னது 1965ஆம் ஆண்டின் 2ஆம் சட்டம். திருவனந்தபுரத்தில் ஒரு வாடகைத் தகராறு இன்று நீதிமன்றம் போனால், அங்கே புரட்டப்படுவது இந்தச் சட்டம்தான்.

இந்தச் சட்டங்களின் முதற்கவலை வீடு பறிபோகாமல் காப்பதும் வாடகை ஏறாமல் பிடித்துவைப்பதும். பழுதுபார்ப்பு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தது. 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உரிமையாளர் தேவையான பழுதுகளைச் செய்யத் தவறினால், குடியிருப்பவர் அறிவிப்புக் கொடுத்துவிட்டு அக்காமடேஷன் கன்ட்ரோலர் என்ற அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம் என்கிறது. அவர் விசாரித்து, குடியிருப்பவரே பழுதுபார்த்துச் செலவை வாடகையில் கழிக்க அனுமதிக்கலாம். 13ஆம் பிரிவு, குடியிருப்பவர் அனுபவித்துவரும் வசதிகளைத் தகுந்த காரணமின்றி உரிமையாளர் நிறுத்தக்கூடாது என்கிறது. பின்னதன் பின்னணியில் நகரத்தின் மாற்றம் இருக்கிறது. கரமனையாற்றில் அருவிக்கரையிலிருந்து குழாய்த் தண்ணீர் கொண்டுவந்த வில்லிங்டன் நீர்வழங்கல் திட்டம் 1933இல் செயலுக்கு வந்தது. முற்றத்துக் கிணற்றை யாரும் பூட்ட முடியாது. ஆனால் குழாயை மூடலாம், மின்சாரத்தைத் துண்டிக்கலாம். வெளியேறச் சொல்லாமலே வெளியேற வைக்கும் வழி புதிதாகத் திறந்தது. அதை அடைக்கவே இந்தப் பிரிவு.

1882ஐவிட இது ஒரு படி முன்னேற்றம் என்பதை மறுக்க முடியாது. கழித்துக்கொள்ளும் உரிமைக்கு ஒரு அதிகாரியின் உத்தரவு துணை வந்தது. உத்தரவு இல்லாமல், தானே செலவுசெய்து தானே கழித்துக்கொண்டவர் என்ன ஆவார் என்று பார்த்தால்தான் இதன் அருமை புரியும். வாடகை பாக்கி என்பது 11ஆம் பிரிவில் வெளியேற்றத்துக்கான முதல் காரணம். 12ஆம் பிரிவின்படி, தான் ஒப்புக்கொண்ட பாக்கியைக் கட்டாமல் குடியிருப்பவர் வழக்கை எதிர்த்து நிற்கவே முடியாது. கூரைக்குச் செலவழித்ததைக் கழித்தேன் என்ற நியாயமான வாதம், நீதிமன்றத்தில் பாக்கிக்காரரின் சாக்காகத் தோன்றும் ஆபத்து எப்போதும் உண்டு. ஆனால் உத்தரவு பெற அலையவேண்டிய அலைச்சலோ, சில ஓடுகளின் விலையைவிடப் பெரிது. விளைவாக, சட்டத்தின் உதவியைக் குடியிருப்பவர் நாடுவது பழுது சிறியதாக இருக்கும்போது அல்ல, முற்றிய பிறகே.

முற்றிய பிறகு சட்டம் வேறு முகம் காட்டுகிறது. அதே 11ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவில், கட்டடம் மறுகட்டுமானம் தேவைப்படும் நிலையில் இருந்தால், வரைபடமும் அனுமதியும் பணவசதியும் தன்னிடம் இருப்பதைக் காட்டி உரிமையாளர் குடியிருப்பவரை வெளியேற்றக் கேட்கலாம். சாக்காக இருக்கக்கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. புதுக் கட்டடத்தில் பழைய குடியிருப்பாளருக்கே முதலுரிமை என்ற பாதுகாப்பும் இருக்கிறது. வேண்டுமென்றே கட்டாமல் விட்டவருக்கு அபராதமும் உண்டு. எழுதியவர்களின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. இருந்தும், இந்த இரண்டு பிரிவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவு. ஓடு மாற்றாமல் இருப்பதற்கு உரிமையாளர் செலுத்தும் விலை, வாடகையில் சில நூறு ரூபாய்க் கழிவு. ஓடு மாற்றாமல் இருப்பதால் அவருக்குக் கிடைக்கக்கூடியது, காலிக் கட்டடம். கட்டடம் ஏன் அந்த நிலைக்கு வந்தது, யாருடைய புறக்கணிப்பால் வந்தது என்ற கேள்வி அந்த உட்பிரிவின் நிபந்தனைகளில் தனியாக இடம்பெறவில்லை. என் மதிப்பீட்டில் 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் மிகப் பெரிய குறை இதுதான்.

உரிமையாளர் தரப்பின் நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். அதே 11ஆம் பிரிவின் 17ஆம் உட்பிரிவு, 1940 ஏப்ரல் 1 முதல் தொடர்ந்து குடியிருப்பவரை உரிமையாளரின் சொந்தத் தேவைக்காகக்கூட வெளியேற்ற முடியாது என்று பொதுவிதியாக வைத்தது. பல பத்தாண்டுகளுக்கு முன் பேசிய வாடகை, நியாய வாடகை விதிகளால் கட்டுண்டு, கூலிக்கும் மரத்துக்கும் ஏறிய விலைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஆண்டு வாடகை முழுவதையும் போட்டாலும் கூரை மாறாது என்ற நிலையில் இருக்கும் ஒருவரிடம் கடமையைப் பற்றிப் பேசுவது எளிது, நிறைவேற்றச் சொல்வது கடினம். நியாய வாடகை பற்றிய பிரிவுகளைக் கேரள உயர்நீதிமன்றம் 1995இல் செல்லாதென்றது. பம்பாய் வாடகைச் சட்டம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1997 டிசம்பரில், 1940ஆம் ஆண்டு அளவிலேயே வாடகையை உறையவைப்பது காலப்போக்கில் நியாயமற்றதாகிவிட்டது என்றது.

பம்பாய் இந்த முரணை வேறுவிதமாகச் சந்தித்தது. பழைய கட்டடங்கள் அடுத்தடுத்து இடிந்து உயிர்ப்பலி வாங்கியபின், 1969இல் தனிச் சட்டத்தின் மூலம் பழுதுபார்ப்பு, மறுகட்டுமான வாரியம் ஒன்றை அமைத்து, கட்டடங்கள் மீது ஒரு வரி விதித்து, அந்தப் பணத்தில் அரசே பழுதுபார்க்க முற்பட்டது. வேலை குறைவாகவும் தாமதமாகவும் நடந்தது என்ற விமர்சனம் இருந்தாலும், உரிமையாளருக்கும் முடியாது குடியிருப்பவருக்கும் முடியாது என்றால் பொதுப்பணம் வர வேண்டும் என்பதை ஒரு மாநிலம் ஏற்றுக்கொண்டது. திருவனந்தபுரத்தில் அப்படி எதுவும் வரவில்லை. ஆபத்தான கட்டடத்தைச் சரிசெய்யவோ இடிக்கவோ நகராட்சிச் சட்டத்தின் கீழ் அறிவிப்புக் கொடுக்க மாநகராட்சிக்கு அதிகாரம் உண்டு. அந்த அறிவிப்பு வரும் கட்டத்தில் இடிப்பதுதான் பெரும்பாலும் மலிவான வழியாக இருக்கும்.

கட்டடமே போய்விட்டால் குடியிருப்புரிமை என்னவாகும் என்ற கேள்விக்கும் கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்குதான் முக்கியமானது. தீயில் எரிந்துபோன ஒரு கடையைப் பற்றிய அந்த வழக்கில், கட்டடம் அழிந்தால் குடியிருப்புரிமையும் முடிந்தது என்று உச்ச நீதிமன்றம் கூறியது; 2001ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் அது இடம்பெற்றது. 2014இல் மூன்று நீதிபதிகள் அமர்வு, கட்டடம் இடிக்கப்பட்டாலும் அது நின்ற நிலத்தின் மீதான குத்தகை தொடரும் என்று மாற்றிச் சொன்னது. பழுதுபார்க்காமல் விட்டு இடியவைப்பதால் கிடைக்கும் லாபத்தை இந்தத் தீர்ப்பு ஓரளவு குறைத்தது. நேர்முகமாகப் பழுதுபார்ப்பைப் பற்றிப் பேசாவிட்டாலும், பேசிய பல விதிகளைவிட இதன் பயன் அதிகம் என்று நினைக்கிறேன்.

இதற்கிடையே நகரத்தின் வாடகை வீடே மாறிவிட்டது. ஓட்டுவீட்டின் இடத்தில் கான்கிரீட் மாடியும் அடுக்ககமும். ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்கு. ஓராண்டைத் தாண்டினால் பதிவுசெய்ய வேண்டும் என்பதால் வந்த பழக்கம். முத்திரைத்தாளில் அச்சடித்த வாசகங்களில் குடியிருப்பவரின் கடமைகள் பத்தி பத்தியாக இருக்கும்: சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, காலிசெய்யும்போது வெள்ளையடித்துத் தர வேண்டும், சேதத்துக்கு அட்வான்சில் பிடித்துக்கொள்ளப்படும். மொட்டைமாடியில் தண்ணீர் கசிந்தால் யார் பார்ப்பது என்ற வரியை அவற்றில் தேடினால் கிடைப்பது அரிது. மாறான ஒப்பந்தம் இல்லாதபோது என்ற 1882ஆம் ஆண்டுச் சொற்கள், ஒப்பந்தத்தை எழுதுபவர் கையில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டன.

எல்லைக்கு அப்பால் தமிழ்நாடு தன் 1960ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தைக் கைவிட்டு, 2017இல் இயற்றிய புதிய சட்டத்தை 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைப்படுத்தியது. ஒன்றிய அமைச்சரவை 2021 ஜூன் 2 அன்று மாதிரிக் குத்தகைச் சட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மாதிரிச் சட்டத்தின் அட்டவணை, 1882ஆம் ஆண்டுச் சட்டமும் 1965ஆம் ஆண்டுச் சட்டமும் எழுதாததை எழுதியது. கட்டமைப்புப் பழுதுகள், சுவர் வெள்ளையடிப்பு, கதவு சன்னல் வண்ணம், குழாய் மாற்றம், மின்கம்பி வேலை ஆகியவை உரிமையாளருக்கு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்ச், பூட்டு, சன்னல் கண்ணாடி, தோட்டம் ஆகியவை குடியிருப்பவருக்கு. உரிமையாளர் மறுத்தால் குடியிருப்பவர் செய்துகொண்டு, மாதம் பாதி வாடகைக்கு மேற்படாமல் கழிக்கலாம். வீடு குடியிருக்கவே முடியாத நிலைக்குப் போய், எழுதிக் கேட்டும் பயனில்லை என்றால் பதினைந்து நாள் அறிவிப்போடு விட்டுப் போகலாம். இந்தச் சட்டத்தில் எதிர்க்க வேண்டியவை உண்டு. குறிப்பாக, ஒப்பந்தக் காலம் முடிந்ததும் குடியிருப்பவரின் பிடி மிகவும் தளர்ந்துவிடுகிறது. ஆனால் அந்த அட்டவணையைக் கேரளம் தனியாகவே எடுத்துத் தன் 1965ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு முழுச் சட்டத்தையும் மாற்றத் தேவையில்லை. கூடவே, மறுகட்டுமான மனுவில் புறக்கணிப்பின் வரலாற்றை நீதிமன்றம் பார்த்தாக வேண்டும் என்று ஒரு வரியும் வேண்டும்.

அப்போதும் இந்த நகரத்தின் ஒரு பகுதி வீடுகள் வெளியே நிற்கும். திருவனந்தபுரத்திலும் குமரி மாவட்டத்திலும் ஒற்றிக்கு வீடு கொடுப்பது இன்றும் பழக்கத்தில் உள்ளது. லட்சக்கணக்கில் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் குடியிருந்து, காலிசெய்யும்போது அந்தத் தொகையைத் திரும்ப வாங்குவது. பார்வைக்கு வாடகை வீடு போலத்தான் இருக்கும். சட்டத்தின் கண்ணில், அனுபவத்தோடு கூடிய அடமானமாக எழுதப்பட்ட ஒற்றியில் குடியிருப்பவர் கடன் கொடுத்தவர். வீட்டுக்காரர் கடன் வாங்கியவர். சொத்துமாற்றுச் சட்டத்தின் 76ஆம் பிரிவு, சொத்தைத் தன் கையில் வைத்திருக்கும் அடமானதாரர், அதன் வருமானத்தில் வரியும் வட்டியும் போக மிஞ்சுவதிலிருந்து தேவையான பழுதுகளைச் செய்ய வேண்டும் என்கிறது. இங்கே கடமை குடியிருப்பவர் பக்கம் சாய்ந்துவிடுவதுபோலத் தோன்றும். ஆனால், குடியிருப்பின் மதிப்பு முழுவதும் வட்டிக்கே ஈடாகிவிடுவதுதான் ஒற்றியின் ஏற்பாடு என்பதால், மிஞ்சுவது எதுவுமில்லை. வருமானம் வட்டிக்கு ஈடாகும் இத்தகைய அடமானத்துக்கு அந்தக் கடமை பொருந்தாது என்று 77ஆம் பிரிவே சொல்லிவிடுகிறது. கழிப்பதற்கு வாடகையும் இல்லாததால், 1882ஆம் ஆண்டின் பரிகாரமோ 1965ஆம் ஆண்டின் பரிகாரமோ இவருக்கு உதவாது. மாதிரிச் சட்டமும் வாடகை ஒப்பந்தத்தைப் பற்றியே பேசுகிறது. வாழ்நாள் சேமிப்பை ஒற்றிப்பணமாகக் கொடுத்துவிட்டு ஒழுகும் வீட்டில் இருப்பவர், பணம் திரும்பக் கிடைக்கும்வரை வெளியேறவும் முடியாது. ஒற்றிப் பத்திரத்திலேயே பழுதுச் செலவைத் திரும்பப் பெறும் தொகையோடு சேர்த்து எழுதிக்கொள்வதுதான் இப்போதைக்கு அவருக்கு உள்ள நல்ல காப்பு. கையெழுத்துப் போடுமுன் கூரையின் நிலையைப் படமெடுத்துப் பத்திரத்தோடு இணைத்துவிட்டால் பின்னால் வாதம் குறையும்.